ஒரு பீடி நேரச் செய்தி

இப்போதெல்லாம் என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறார்கள். டெலிவிஷனில் நாலு பேர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருக்கும்போது, மருமகள் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "அத்தே, நீங்க என்ன சொல்றீங்க?" என்கிறாள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடுகிற இடத்தில் வாய் திறக்காமலே எண்பதைத் தாண்டிவிட்டேன். அபிப்பிராயம் இல்லை என்பதால் அல்ல. அது என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. சொல்லத்தான் கூச்சம். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

அந்த மூட்டைகளை நான் சேர்த்தது ஒரு சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துதான்.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் உத்தனப்பள்ளிக்குப் பக்கத்தில், ராயக்கோட்டை ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. ஓசூரில் அப்போது கம்பெனி கிடையாது. இன்றைக்குக் கம்பெனிக்காரர்கள் கார் நிறுத்துகிற இடத்திலெல்லாம் கொள்ளு விளைந்தது. சேலம் ஜில்லாவின் வால் நுனி நாங்கள். மாநிலங்களைப் பிரித்தபோது இந்த வாலை மைசூருக்குக் கொடுப்பதா, ஆந்திராவுக்குக் கொடுப்பதா, சென்னையிலேயே விட்டுவைப்பதா என்று எங்கெங்கோ பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசினார்கள். எங்களை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்போம்? என் மாமியார் ஆனேக்கல் பக்கத்துப் பெண். கன்னடத்தில் திட்டுவார், தெலுங்கில் சாமி கும்பிடுவார், தமிழில் சந்தையில் பேரம் பேசுவார். பிறந்த வீட்டுக்கு நடந்தே போய் வருவார். வழியில் எந்த இடத்தில் ராஜ்யம் மாறுகிறது என்று அவருக்குத் தெரியாது. பின்னால் வந்த எருமைக்கும் தெரியாது.

பிரித்து முடித்த மறு வருஷம் சர்க்கார் எங்கள் ஊருக்கு ஒரு ரேடியோ கொடுத்தது. நாங்கள் மனுப் போட்டது இன்னொரு கிணறு கேட்டு. வந்தது ரேடியோ. குடிக்க முடியாவிட்டால் என்ன, கேட்கலாமே! மாலை போட்டு, மாட்டு வண்டியில் ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு கருங்கல் கனத்துக்குப் பேட்டரி. புதிதாகக் கட்டின பஞ்சாயத்து அறையில், நடு மேஜையில் வைத்தார்கள். திருகினார்கள். கொர்ரென்றது. பிறகு தமிழ் பேசியது. உடனே சண்டை ஆரம்பித்தது.

ஊரில் மூன்று கட்சி. தமிழ்க் கட்சிக்குப் பள்ளிக்கூட வாத்தியார் தலைவர். கன்னடக் கட்சிக்கு ஆட்டு மந்தை வைத்திருந்தவர். தெலுங்குக் கட்சிக்கு மாந்தோப்புக்காரர். நேற்றுவரை மூன்று பாஷையையும் ஒரே வாயில் போட்டு மென்றவர்கள், பெட்டி வந்ததும் தாய்மொழிக்காக உயிரை விடத் தயாரானார்கள். பங்கு போட்டு வைக்கலாம் என்றால் நேரம் பார்க்கக் கடிகாரம் வேண்டும். ஊரில் இருந்த ஒரே கைக்கடிகாரம் வாத்தியாருடையது. "அது தமிழ்க் கடியாரம், தமிழுக்குத் தானா மெதுவா ஓடும்" என்று ஆட்டுக்காரர் சொல்லிவிட்டார். அப்படியும் ஓடுமோ என்று மாந்தோப்புக்காரர் கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார்.

கடைசியில் புளி வியாபாரம் செய்த பாயைப் பிடித்தார்கள். மூன்று பாஷையிலும் ஒரே விலை சொல்கிறவர் என்பதால் மூன்று கட்சிக்கும் அவர்மேல் நம்பிக்கை. அவர் ஒரு பீடியைப் பற்றவைப்பார். பற்றவைத்தது அணைகிற வரைக்கும் ஒரு பாஷை. அணைந்ததும் குமிழைத் திருக வேண்டும். முதல் பீடி தமிழ், அடுத்தது கன்னடம், அடுத்தது தெலுங்கு, பிறகு மறுபடியும் தமிழ். சீட்டுக் குலுக்கி வரிசையைத் தீர்மானித்துக் கைதட்டிக் கலைந்தார்கள். ஐந்தாண்டுத் திட்டம் போட்டவர்களுக்குக்கூட இப்படி ஒரு யோசனை வந்திருக்காது.

பெண்கள் வரக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. அதைச் சொல்லவே வேண்டியதில்லை என்று விட்டிருந்தார்கள். எங்கள் சமையலறைக்கும் பஞ்சாயத்து அறைக்கும் நடுவில் ஒரே சுவர். சுவரின் உச்சியில், புகை போக ஒரு துவாரம். அதற்குக் கீழே ராகி அரைக்கிற திருகைக்கல். ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்து உலகம் கேட்டார்கள். நான் ராகி அரைத்துக்கொண்டே கேட்டேன். அவர்களைவிட நான் அதிகம் கேட்டிருப்பேன். அவர்கள் பேசிக்கொண்டே கேட்டார்கள், நான் பேசாமல் கேட்டேன்.

ஆனால் கேட்டது முழுவதும் பாதி. தமிழில் ஒருவர் ஜப்பான் முறையில் நெல் நடுவதைச் சொல்வார். கயிறு கட்டி, வரிசை பிடித்து, அடுத்ததாக மிக முக்கியமாக... பீடி அணைந்துவிடும். தெலுங்கு நாடகத்தில் ஒரு பெண் விஷக் கிண்ணத்தைக் கையில் எடுப்பாள். பீடி அணைந்துவிடும். கன்னடத்தில் ஒருவர் ஆட்டுக்கு எத்தனை அவுன்ஸ் மருந்து புகட்டுவது என்று ஆரம்பிப்பார். அந்தப் பெண் பிழைத்தாளா, அந்த ஆடு பிழைத்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜப்பான் முறையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எங்கள் ஏரியில் தண்ணீர் இருந்தால்தானே எந்த முறையிலாவது நடுவதற்கு? நைலான் என்று ஒரு புடவை வந்திருக்கிறது, துவைத்த மறு நிமிஷம் காய்ந்துவிடும் என்றார்கள். எங்கள் ஊரில் காய்வதற்கு எப்போதுமே குறை இருந்ததில்லை. துவைப்பதற்குத்தான் வழி இல்லை.

ரஷ்யாக்காரர்கள் ஆகாயத்துக்கு ஒரு நாயை அனுப்பினார்கள் அல்லவா, அதுவும் அப்படித்தான். தமிழ்ப் பீடியில் நாய் ஏறியது. திரும்பி வந்ததா என்பதற்குள் கன்னடத்தில் நாதஸ்வரம். அந்த ஐப்பசியில் ஏறின நாயைச் சித்திரை முடிகிறவரை எங்கள் ஆண்கள் கீழே இறக்கவில்லை.

"ஏத்துனவனுக்கு எறக்கத் தெரியாமயா ஏத்தியிருப்பான்?"

"எறக்குவான்யா. எங்க எறக்குவான், அதச் சொல்லு. நம்ம ஏரியில எறங்குனா?"

"எறங்கட்டுமே. முழுகறதுக்கு ஏரியில தண்ணியா நிக்குது?"

"அது சரி, அது எந்த பாஷையில கொலைக்கும்?"

என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எங்கே போகிறாய் என்று அந்த நாயை ஒரு வார்த்தை கேட்டார்களா என்று நான் கேட்டிருப்பேன். எங்களைக் கேட்ட மாதிரிதான் அதையும் கேட்டிருப்பார்கள்.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கை இல்லாத ஒன்று வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது. என் மாமியாருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

முதலில் கொள்ளில் கல் தங்கியது. பிறகு சூடான சட்டியைத் துணி இல்லாமல் தொட்டார். வைத்தியர் ஏதோ இலைச்சாறு பிழிந்துவிட்டதில் கண் சிவந்ததுதான் மிச்சம். கருவிழிமேல் பால் ஆடை மாதிரி ஒரு வெளுப்பு. இதில் என்னைப் பயமுறுத்தியது அந்த வெளுப்பு அல்ல. அவர் என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டார். நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து பகல் முழுக்க எனக்குத் துணை அந்தத் திட்டுதான். பாத்திரம் சரியாகத் தேய்க்கவில்லை, கோலம் கோணல், களியில் கட்டி என்று விடிந்ததிலிருந்து நடக்கும். வாய் திறக்காத எனக்கும் சேர்த்து அவரே பேசுவார். இப்போது எதைப் பார்த்துத் திட்டுவது? சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து கையால் தரையைத் தடவிக்கொண்டிருந்தார். "ஏம்மே, பொழுது போயிட்டுதா?" என்று கேட்பார். அப்போது வெயில் நடு முற்றத்தில் அடித்துக்கொண்டிருக்கும்.

மாங்காய் இறக்குகிற நேரம். ஒரு சாயங்காலம் முதல் பீடி முடிகிற தறுவாயில் சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ ஓர் அறிவிப்பு என்றது. கண்ணில் புரை விழுந்தவர்களுக்குக் கிருஷ்ணகிரியில் முகாம், ஆபரேஷன் இலவசம், வருகிற... அவ்வளவுதான். கன்னடத்தில் மழை நிலவரம் வந்துவிட்டது. அதிலும் மழை இல்லை.

நான் கல்லை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். "கல்லு ஏன் நின்னுட்டுது?" என்றார் மாமியார். "ஒண்ணுமில்ல அத்தே" என்றேன். தேதி தெரியாமல் அவருக்கு ஆசை காட்ட எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்காரர் வந்ததும் கேட்டேன். அவர் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்.

"ஏங்க, கண்ணு வைத்தியம்னு சொன்னாங்களே, என்னிக்குன்னாங்க?"

"எப்ப சொன்னான்? நாங்க அந்த நாய் விசயம் பேசிக்கிட்டிருந்தோம்."

மறுநாள் அவர் விசாரித்துவிட்டு வந்தார். ஒருவர் அது முடிந்துபோய்விட்டது என்றாராம். ஒருவர் சேலத்தில் என்றாராம். மாந்தோப்புக்காரர் அது மாட்டுக்குக் கண் வைத்தியம் என்று அடித்துச் சொன்னாராம். வருஷம் முழுக்க உலகச் செய்தி கேட்டவர்கள்!

"கிருஷ்ணகிரிக்கு ஒரு நடை போயி கேட்டுட்டு வரலாமே" என்றேன்.

"காய் எறக்கற நேரத்துல ஒரு நாள் பொழப்ப உட்டுட்டா?"

"வாத்தியார..."

"அவுரு லீவுக்கு ஊருக்குப் போயிட்டாரு."

"அப்ப இன்னிக்கு மட்டும் பாய்கிட்ட குமிழைத் திருகாம இருக்கச் சொல்லுங்களேன். ஆட்டு அம்மைக்கு ஊசி போடறப்போ ரேடியோவுல மூணு நாள் வரிசையா சொன்னாங்க. இதையும் இன்னிக்குச் சொல்லுவாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றுதான். "சொன்னா கன்னடக் கட்சி சும்மா உடுமா? ஒரு கெழவி கண்ணுக்காக ஊர் கட்டுப்பாட்ட மாத்தச் சொல்றியா?" என்றார். அந்தக் கிழவி அவரைப் பெற்றவள். ஆனால் கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். பெரிய சபைகளிலும் இப்படித்தான் பேசுகிறார்கள் என்று பிற்பாடு டெலிவிஷன் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நான் நேரே போய்க் கேட்டிருக்கலாம். பஞ்சாயத்து அறை வாசலுக்குப் பதினைந்து எட்டு. அந்தப் பதினைந்து எட்டை வைக்க எனக்குக் கால் வரவில்லை. திருகையில் கையை வைத்துக்கொண்டு கட்டுப்பாட்டை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். பற்றவைத்தது அணைகிற வரைக்கும் ஒரு பாஷை. அப்படியானால் மாற்ற வேண்டியது கட்டுப்பாடு அல்ல, பற்றவைக்கிற சாமான்.

என் மாமியாருக்குச் சுருட்டுப் பழக்கம் உண்டு. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பிடிப்பார். ஊருக்கே தெரியும், யாரும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வதில்லை. அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்திருந்ததில் நீளமாக ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு கிணற்றடிக்குப் போனேன். பாயின் சம்சாரம் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். அவரிடம் மட்டும்தான் எனக்குக் கொஞ்சம் பேச்சு வரும்.

"அக்கா, இதை இன்னிக்குச் சாயங்காலம் அவுரு சட்டப்பையில வெச்சிட்டு, பீடிக் கட்டை எடுத்துட முடியுமா?"

விஷயத்தைச் சொன்னதும் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அடியே, வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன் உன்னை! எங்க ஊட்டு மனுசன் சுருட்டு இழுத்தா இருமியே செத்துருவாரு."

"ஒண்ணே ஒண்ணுதாங்க்கா."

"இருமட்டும். மூணு ஊரு புளியைத் தூக்கற நெஞ்சு, ஒரு சுருட்டைத் தாங்காதா?" என்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கல்லில் ராகி போடவில்லை. அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவைத்துக்கொண்டு துவாரத்துக்குக் கீழே நின்றேன். ரேடியோ கொர்ரென்று கனைத்தது. தீக்குச்சி கிழிகிற சத்தம். உடனே மாட்டு வண்டி சரிவில் இறங்குகிற மாதிரி ஓர் இருமல்.

"இன்னா பாய் இது? பீடி எங்க?" ஆட்டுக்காரர் குரல்.

"காணலைங்க. பையில இதுதான் இருந்துச்சி."

"சுருட்டா! இது எப்ப அணையறது? தமிழுக்குச் சுருட்டு, கன்னடத்துக்கு வெறும் பீடியா? அநியாயமால்ல இருக்குது!"

"பத்தவெச்சது அணையற வரைக்கும்னு நீங்கதான பேசினீங்க?" மறுபடி இருமல். "பீடின்னு பேசலியே."

"அப்போ தெலுங்குக்கு நாங்க ஹுக்கா கொண்டாருவோம்" என்றார் மாந்தோப்புக்காரர்.

"கொண்டாய்யா! ஊர் ரெண்டாவட்டும்!" இது என் வீட்டுக்காரர்.

அவ்வளவுதான். மூன்று கட்சியும் எழுந்து நின்று கத்தின. அந்தச் சத்தத்துக்கு அடியில், எறும்பு ஊர்கிற மாதிரி, ரேடியோ கிருஷ்ணகிரி என்றது. புரை என்றது. மற்றது எதுவும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட அறிவிப்பை இரண்டு தரம் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு தரம் போய்விட்டது. சுருட்டு இன்னும் எரிகிறது, அறிவிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, இந்தக் கடன்காரர்கள் வாயை மூட மாட்டேன் என்கிறார்கள். திரும்பிப் பார்த்தேன். மாமியார் தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் வாய மூடுங்களேன்யா! கண்ணு கெடைக்கிற சேதி வருது!"

அது என் குரல் என்று எனக்கே தெரிய ஒரு கணம் ஆனது. சுவருக்கு அந்தப் பக்கம் கத்தல் நின்றது. பாய்கூட இருமலை விழுங்கிவிட்டார். அந்த அமைதியில் ரேடியோக்காரர் நிதானமாக இரண்டாம் தரம் படித்தார். வருகிற வியாழக்கிழமை காலை, பெரிய பள்ளிக்கூடக் கட்டிடம், படுக்க ஒரு பாய், போர்வை, துணைக்கு ஒரு ஆள். அப்படியே சுவரில் கரியால் எழுதினேன். பிறகு கரித்துண்டை அடுப்பில் போட்டேன்.

வீட்டுக்காரர் வந்தார். வாசற்படியிலேயே நின்று, "யாரோ பொம்பள கத்துனாளே, யாரு?" என்றார்.

நான் அடுப்புக்குள் தலையை விடாத குறை. மாமியார் தலையைத் திருப்பாமல், "நான்தான்டா கத்துனேன். இப்ப இன்னான்ற?" என்றார்.

அந்தக் குரல் யாருடையது என்று மகனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அம்மா சொன்ன பிறகு விசாரணை ஏது? வியாழக்கிழமை காய் இறக்கப் போகாமல், மூன்று பேருக்கும் பஸ்ஸுக்குக் கை காட்டினவர் அவர்தான்.

முகாமில் நூறு கிழவர் கிழவிகள் பெஞ்சுகளை ஒட்டிப் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். கண்ணைக் கட்டி, தலையை அசைக்காதே என்றார்கள். என் மாமியார் அசைக்கவில்லை. வாயை மட்டும் அசைத்தார், பக்கத்துப் பாயில் இருந்த வேப்பனப்பள்ளிக் கிழவியோடு தெலுங்கில். அங்கே யாரும் எந்த ராஜ்யம் என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி கட்டுதான்.

நாங்கள் இல்லாத நாட்களில் ஊரில் பெரிய பஞ்சாயத்து நடந்து முடிந்திருந்தது. தமிழுக்கு ஒரு தரம் சுருட்டு கொடுத்த பிறகு மற்ற இரண்டுக்கும் பீடி கொடுத்தால் அவமானம் என்று மூன்றுக்கும் சுருட்டே என்று தீர்மானமாம். அதனால் செய்தி முழுசாகக் கேட்க ஆரம்பித்தது. நாய் திரும்பி வரவில்லை என்றும் அப்போதுதான் தெரிந்ததாம். ஊரில் இரண்டு நாள் ஒருவரும் சரியாகப் பேசவில்லையாம். பாய்க்கு மட்டும் இருமல் நிற்கவில்லை. அடுத்த மாதமே ஊர் கூடி ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கியது. அதை மாட்டியபோது, அது எந்த பாஷைக் கடிகாரம் என்று யாரும் கேட்கவில்லை. சீர்திருத்தம் எப்படி வருகிறது என்று இப்போது மேடை போட்டுப் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்து அது இருமிக்கொண்டுதான் வந்தது.

இந்தக் காலத்துக் கைப்பேசியைப் பற்றி மருமகள் கேட்டாள். என் பிள்ளை அதைத் தேய்க்கிற வேகத்துக்குப் பாயின் பீடி எவ்வளவோ தேவலை என்றேன். ஒரு பீடி நேரமாவது ஒன்றைக் கேட்டோம்.

மாமியாருக்குச் சோடா பாட்டில் அடி மாதிரி கனத்த கண்ணாடி கொடுத்தார்கள். வீட்டுக்குக் கூட்டிவந்து சமையலறையில் உட்காரவைத்தேன். தலையை மெல்லத் திருப்பி எல்லாவற்றையும் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். என்னை வெகு நேரம் பார்த்தார். பிறகு அவர் பார்வை எனக்குப் பின்னால் போய்ச் சுவரில் நின்றது. படிக்கத் தெரியாதவர். கண்ணாடிக்குள் இரண்டு கண்ணும் கோலிக்குண்டாக உருண்டன.

"ஏம்மே, பொங்கலுக்கு அடிச்ச சுண்ணாம்பு இன்னும் காயல. செவுரு பூரா கரியில கிறுக்கி வெச்சிருக்கியே, இது ஊடா, இல்ல கொட்டாயா?" என்று கேட்டுவிட்டு, மீதியைக் கன்னடத்தில் ஆரம்பித்தார்.

ஈரத்துணி எடுத்துக்கொண்டு வந்து துடைத்தேன். சரியாகத் துடைக்கவில்லை. அதற்கும் திட்டினார்.